33 பைற்றின் நான்கு முகங்கள்: குரல் கோடெக்கைப் பொதியின் அளவால் அறிதல் (கேள்வி பதில்)

தத்தம் ஆய்வுக்கூடங்களிலும் அலுவலகத் தொலைபேசிகளிலும் பதிவு செய்த அழைப்புகளைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. கோடெக் என்பது குரலை எண்களாகச் சுருக்கி மீண்டும் விரிக்கும் முறை; சுருங்கிய குரல் சிறு சிறு பொதிகளாக வலையமைப்பில் செல்லும். தனித்துச் சுட்டாதவிடத்து, ஆர்ரிபி (குரலை உடனுக்குடன் கொண்டுசெல்லும் நெறிமுறை) தலைப்பகுதியைக் கழித்தபின் எஞ்சும் உள்ளடக்கத்தின் அளவையே நான் குறிப்பிடுகிறேன்.

கொக்குவிலிலிருந்து: ஐயா, எனது பதிவில் ஒவ்வொரு பொதியும் 86 பைற்று என்று வயர்ஷார்க் (பொதிகளைப் பதிவு செய்து காட்டும் மென்பொருள்) காட்டுகிறது. அப்படியோர் அளவு எந்தக் கோடெக் அட்டவணையிலும் இல்லையே?

பதில்: ஈதர்நெற்றுக்கு 14, ஐபி நான்காம் பதிப்புக்கு 20, யூடிபிக்கு 8, ஆர்ரிபிக்கு 12 என 54 பைற்றைக் கழித்தால் 32 எஞ்சும். கைத்தொலைபேசி அழைப்புகளில் பயன்படும் ஏஎம்ஆர் குறும்பட்டைக் கோடெக் 12.2 கிலோபிற்று வேகத்தில் 20 மில்லிசெக்கனுக்கு 244 பிற்றுகளைத் தருகிறது; அவற்றுக்கு முன்னால் 10 பிற்றுத் தலைப்பும் பின்னால் 2 வெற்றுப் பிற்றும் சேர 256 பிற்று, அதாவது 32 பைற்று ஆகிறது. ஐபி ஆறாம் பதிப்பாயின் மேலும் 20 பைற்றைக் கழிக்க வேண்டும். 4ஜி குரல் அழைப்புகளில் அதுவே பெரிதும் காணப்படுவதால், இதை மறந்தவர் கணக்கு முழுவதும் பிழைத்துவிடும்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலிருந்து, பொறியியல் பீட மாணவி: சேர், எனக்கு 33 பைற்று கிடைத்தது. அதை ஏஎம்ஆர் அகலப்பட்டை என்று எழுதிக்கொடுக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், தங்கச்சி. நானும் ஒருமுறை அப்படி எழுதிக்கொடுத்துத் திருத்த நேர்ந்தது. 33 பைற்று நால்வருக்கும் பொதுவான சட்டை. ஒலியின் அகன்ற அதிர்வெண் வீச்சைக் கொள்ளும் அகலப்பட்டை 12.65 வேகத்தில் 253 பிற்றும் 10 பிற்றுத் தலைப்பும் சேர்ந்து 33 ஆகும். குறும்பட்டை 12.2 வேகத்தைப் பைற்று எல்லையில் ஒழுங்குபடுத்தி, அதாவது ஒவ்வொரு பகுதியும் முழுப் பைற்றில் தொடங்கும்படி, பொதிந்தாலும் 33 ஆகும். பழைய ஜிஎஸ்எம் முழுவீதக் கோடெக்கும் 33. ஏஎம்ஆருக்குப் பின் வந்த ஈவிஎஸ் கோடெக் 13.2 வேகத்தில் தலைப்பே இல்லாத சுருக்க வடிவில் வரும் 264 பிற்றும் அதே 33 தான்.

எனவே முதலில் ஆர்ரிபி தலைப்பில் உள்ள நேரமுத்திரையைப் பாருங்கள். தொடர்ந்து பேசும் இடத்தில் அடுத்தடுத்த இரண்டு பொதிகளுக்கிடையே அது 160 கூடினால் கடிகாரம் செக்கனுக்கு 8000. ஆகவே குறும்பட்டை ஏஎம்ஆர் அல்லது ஜிஎஸ்எம். 320 கூடினால் கடிகாரம் 16000. ஆகவே அகலப்பட்டை அல்லது ஈவிஎஸ். முதற் சோடியைப் பிரிப்பது எளிது: ஜிஎஸ்எம் உள்ளடக்கம் எப்போதும் பதினறும எண்ணில் டி என்று தொடங்கும், ஏஎம்ஆரோ, எதிர்முனை வேகமாற்றம் கோராதவிடத்து, எஃப்0 3சி என்று தொடங்கும்.

இரண்டாம் சோடிக்கு மௌனத்தைக் கேளுங்கள். எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தியதும் வரும் சிறிய பொதி 7 பைற்றாயின் அகலப்பட்டை, 6 பைற்றாயின் ஈவிஎஸ். மௌனப் பொதி அனுப்பும் வசதி முடக்கப்பட்டிருந்தால் முதலிரு பைற்றுகளைப் பாருங்கள்: எதிர்முனை வேகமாற்றம் கோராதவிடத்து, அகலப்பட்டை 12.65 பொதியில் முதலாவது எஃப்1 ஆகவும், இரண்டாவது 40 முதல் 7எஃப் வரையான ஒன்றாகவும் பொதிக்குப் பொதி தவறாமல் வரும். 61 பைற்றிலும் இதே பொறி உண்டு: அகலப்பட்டை 23.85, ஈவிஎஸ் 24.4 இரண்டும் அங்கே சந்திக்கின்றன. அழைப்பு தொடங்கும்போது இரு முனைகளும் பேசி ஒத்துக்கொண்ட விபரம் உங்கள் பதிவில் இருந்தால், இவ்வளவு துப்பறியும் வேலையே தேவையில்லை.

அதே மாணவி: மௌனப் பொதியைக் கொண்டு குறும்பட்டையையும் அகலப்பட்டையையும் பிரிக்க முடியாதா?

பதில்: முடியாது. முன்னதில் 39 பிற்று, பின்னதில் 40 பிற்று. தலைப்பைச் சேர்த்து நிரப்பினால் இரண்டும் 7 பைற்றே.

நெல்லியடியிலிருந்து: எங்கள் அலுவலகத் தொலைபேசியில் 160 பைற்று வருகிறது, ஆனால் குரல் மிகத் தெளிவாக இருக்கிறது. ஜி.711 என்று எடுக்கலாமா, அண்ணை?

பதில்: ஜி.711 பழைய குறும்பட்டைக் கோடெக்; குரல் மிகத் தெளிவாயின் அது அகலப்பட்டைக் கோடெக்கான ஜி.722 ஆக இருக்கலாம். அதுவும் 64 கிலோபிற்று. 20 மில்லிசெக்கனுக்கு 160 பைற்று. அது உண்மையில் 16000 மாதிரிகளை எடுத்தாலும், பழைய நெறிமுறை ஆவணம் ஒன்றில் நேர்ந்த பிழையால் அதன் ஆர்ரிபி கடிகாரம் 8000 என்றே நிலைத்துவிட்டது. எனவே நேரமுத்திரையும் இங்கே கைகொடுக்காது. ஆர்ரிபி தலைப்பில் உள்ள வகை எண்ணைப் பாருங்கள்: 0 அல்லது 8 ஆயின் ஜி.711, 9 ஆயின் ஜி.722.

பருத்தித்துறையிலிருந்து: கனடாவில் உள்ள அக்காவுடன் பேசும்போது குரல் மங்குகிறது, ஆனால் எனது பக்கத்தில் பொதியின் அளவு மாறவில்லையே?

பதில்: நீங்கள் காண்பது உங்கள் பக்கத்துத் துண்டை மட்டுமே. இடையில் இரு வலையமைப்புகளை இணைக்கும் நுழைவாயில் ஒன்று குரலை அவிழ்த்து, 20 மில்லிசெக்கனுக்கு 20 பைற்று மட்டுமே கொள்ளும் ஜி.729 போன்ற கோடெக்கில் மீண்டும் பொதிந்திருந்தால், இழந்த தெளிவு உங்கள் பக்கத்தில் பெரிய பொதி வந்தாலும் திரும்பாது.

சாவகச்சேரியிலிருந்து: வைஃபை வழியாகச் செல்லும் கைத்தொலைபேசி அழைப்பு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது. அதில் அளவு எதையாவது சொல்லுமா?

பதில்: ஓரளவு சொல்லும். 16 பைற்றுக் கட்டங்களாக மறையாக்கும் முறையில் ஒவ்வொரு பொதியும் அடுத்த 16இன் மடங்குக்கு நிரப்பப்படுகிறது. உள்ளே ஐபி நான்காம் பதிப்பு இருப்பதாகக் கொண்டால், 40 பைற்றுத் தலைப்புகளோடும் 2 பைற்று முடிவுப் பகுதியோடும் சேர்ந்து, 32 பைற்றுக் குரலும் 33 பைற்றுக் குரலும் ஒருங்கே 80க்குள் அடங்கிவிடும். அவற்றைப் பிரிக்க வழியில்லை. ஆனால் ஈவிஎஸ்ஸின் 6 பைற்று மௌனம் சரியாக 48இல் நின்றுவிட, ஏஎம்ஆரின் 7 பைற்று மௌனம் ஒரே ஒரு பைற்று மிஞ்சியதால் 64க்குத் தாவிவிடும்.