தையல் தளத்தில் லீன் பயிற்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சூப்பர்வைசர்கள் எட்டுப் பேரை இரண்டு நாள் லீன் (வீண்வேலையைக் குறைக்கும் உற்பத்தி முறை) வகுப்புக்கு அனுப்பினோம். ஒரு மாதமாகியும் தளத்தில் மாற்றம் ஏதும் இல்லை. என்ன தவறு? (உற்பத்தி மேலாளர், திருப்பூர்)

பதில்: வகுப்பில் காத்திருப்பு, தேவையற்ற அசைவு போன்ற ஏழு வகை வீண்களின் பெயரை மனப்பாடம் செய்ய முடியும், வீணாவதைக் கண்ணால் பிடிக்கும் பழக்கம் தளத்தில் நின்றால்தான் வரும். டொயோட்டாவில் இம்முறையை வளர்த்தெடுத்த தாயிச்சி ஓனோ, தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, கற்க வந்தவரை அதற்குள் மணிக்கணக்கில் நிற்கவைத்து வேலையைப் பார்க்கச் செய்வார் என்பது இத்துறையில் அனைவரும் அறிந்த செய்தி. உங்கள் எட்டுப் பேரும் ஆளுக்கொரு மெஷினுக்கு அருகில் அரைமணி நேரம் நிற்கட்டும். அந்த நேரத்தில் யாருக்கும் உத்தரவிடக் கூடாது, செல்பேசியையும் தொடக் கூடாது.

நான் பயிற்சி அளித்த ஒரு தளத்தில், ஓவர்லாக்கில் (துணி ஓரம் தைக்கும் மெஷினில்) பக்கத் தையல் போடும் பெண் ஒருவர், கையிலுள்ள துணிக் கட்டு முடியும்போதெல்லாம் எழுந்து, முதுகுக்குப் பின்னால் இருந்த கூடையிலிருந்து அடுத்த கட்டைத் தூக்கி வந்து, இறுகிய முடிச்சைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசர் அந்த வழியாக ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது நடந்திருப்பார், ஆனால் அது அவர் கண்ணில் பட்டதே இல்லை. இடது கைப்பக்கம் முழங்கால் உயரத்தில் ஒரு ஸ்டாண்டு வைத்ததும், முடிச்சுக்குப் பதிலாக ரப்பர் பேண்டு போட்டதும் அன்று மாலையே நடந்தன. அந்தச் சூப்பர்வைசருக்கு அதுவே முதல் பாடமாக அமைந்தது.

கேள்வி: கட்டுக்கு 20 பீஸ் என்று வைத்திருக்கிறோம். அதைக் குறைத்தால் உற்பத்தி விழுந்துவிடாதா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு ஆபரேஷன்கள் (தையல் வேலைகள்), ஒவ்வொன்றுக்கும் பீஸுக்கு அரை நிமிடம் என்று கொள்வோம். 20 பீஸும் ஒன்றாகவே நகர்ந்தால், ஒவ்வொரு மெஷினிலும் 10 நிமிடம் தங்கி, முதல் கட்டு 60 நிமிடம் கழித்துத்தான் செக்கிங்குக்கு வரும். அதே 20 பீஸை ஐந்தைந்தாகப் பிரித்தால், முதல் ஐந்து 15 நிமிடத்திலும் இருபதும் 22½ நிமிடத்திலும் வந்துவிடும். யாரும் வேகமாகத் தைக்கவில்லை. காத்துக் கிடந்த நேரம்தான் குறைந்தது. இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: முதல் ஆபரேஷனில் தையல் தவறினால், ஒரு மணி நேரம் கழித்துத் தெரியவேண்டியது கால் மணியில் தெரிந்துவிடும். ஆனால் நிஜத்தில் ஆபரேஷன்கள் ஒரே அளவில் இருப்பதில்லை. கழுத்துப் பட்டி வைப்பது இழுக்கும், லேபிள் வைப்பது சட்டென்று முடியும். எனவே கட்டைச் சுருக்குமுன் ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை அளந்து வேலையைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். எல்லா லைன்களிலும் ஒரே நாளில் தொடங்காமல் ஒரு லைனில் மட்டும் செய்து பார்ப்பது நல்லது.

கேள்வி: 5எஸ் என்பது சுத்தம் செய்வதுதானே?

பதில்: இல்லை. கத்தரிக்கோல் காணாமல் போனால் அது காணவில்லை என்பது ஐந்து விநாடியில் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் இடம் குறித்து ஒழுங்காக வைக்கும் ஏற்பாடுதான் 5எஸ். ஆய்வாளர் வருவதற்கு முந்தைய நாள் கூட்டிப் பெருக்குவதற்கு வேறு பெயர் உண்டு.

கேள்வி: "வேலைக்கு ஆகும் நேரத்தை அளக்கிறார்கள் என்றால் ஆளைக் குறைக்கப்போகிறார்கள்" என்று டெய்லர்கள் முணுமுணுக்கிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: அவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, பல இடங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது. பீஸ் ரேட்டில் (பீஸுக்கு இவ்வளவு என்ற கூலியில்) உழைப்பவர் ஒரு யோசனை சொல்லி, அதன் பலனாக ரேட் குறைக்கப்பட்டால், அவர் இரண்டாவது யோசனையை வாழ்நாளில் சொல்லமாட்டார். மேம்பாட்டினால் யாரும் வேலை இழக்கமாட்டார்கள், ரேட்டும் குறையாது என்று முதலாளியே தளத்துக்கு வந்து சொல்ல வேண்டும். மிச்சப்படும் ஆளை வேறு லைனுக்கோ புது ஆர்டருக்கோ மாற்றிக்காட்ட வேண்டும். இந்த வாக்குறுதியைத் தர முடியாத நிறுவனம் பயிற்சியைத் தொடங்காமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

கேள்வி: சிறு நிறுவனத்துக்கு அரசு உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். 2023 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான லீன் திட்டத்தில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று நிலைகள் உள்ளன. ஆலோசகரின் வழிகாட்டுதலுக்கு ஆகும் செலவில் 90 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. உத்யம் (அரசின் சிறுதொழில் பதிவு) அவசியம்.

கேள்வி: கைமடியாக (டெய்லருக்கு உதவியாளராக) இருந்த ஒருவரை ஓவர்லாக்கில் உட்காரவைத்தோம். பத்து நாளாகியும் தேறவில்லை. (லைன் சூப்பர்வைசர், அவிநாசி)

பதில்: யார், எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக உருவாகி, போருக்குப் பின் ஜப்பானுக்குச் சென்ற டி.டபிள்யூ.ஐ. (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) பயிற்சிமுறையில் நான்கு படிகள் உண்டு: கற்பவரின் பதற்றத்தைப் போக்குவது, வேலையைச் செய்துகாட்டுவது, அவரையே செய்யவைப்பது, பிறகு அவ்வப்போது வந்து பார்ப்பது. நம் தளங்களில் இரண்டாவது படியோடு நின்றுவிடுகிறோம், அதையும் எதிரே நின்று முழு வேகத்தில் காட்டுகிறோம். பார்ப்பவருக்கு வலது இடதாகத் தெரிகிறது. அவருக்குப் பக்கத்தில் அதே திசையைப் பார்த்து உட்கார்ந்து, ஓரம் சேர்ப்பதை மட்டும் மெதுவாகச் செய்துகாட்டுங்கள். துணியை இழுக்காமல் விட வேண்டிய இடத்தையும், இழுத்தால் தையல் அலையலையாக வரும் என்பதையும் சொல்லுங்கள். பிறகு அவர் தைக்கும்போது அதே காரணத்தை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம். முடியாவிட்டால் நீங்கள்தான் இன்னொரு முறை செய்துகாட்ட வேண்டும்.