வெள்ளிக்கிழமைக்குள் காசு கட்டினால்தான் கேம் படிக்கலாமா?

கேள்வி: மகன் இந்த முறை உயர்தரம் எழுதியவன், வர்த்தகப் பிரிவு. கம்பஸ் போகிற அளவுக்குப் புள்ளி வராது போலத் தெரிகிறது. வீடியோ கேம் புரோகிராமிங்தான் படிப்பேன் என்று நிற்கிறான். யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் கல்லூரி ஒன்றரை வருட டிப்ளோமா தருகிறது, ஆறரை லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் 75,000 கட்டினால் கழிவு உண்டாம், லப்டொப்பும் தவணைக்கு எடுத்துத் தருவார்களாம். கணிதம் படிக்காத பிள்ளைக்கு இது சரிவருமா? காசு கனடாவில் இருக்கிற என் தம்பி அனுப்புவது, வீணாகக் கூடாது. அவர்கள் தந்த நோட்டீஸையும் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். (கொக்குவிலிலிருந்து ஒரு தாய்)

பதில்: வெள்ளிக்கிழமை காசு கட்ட வேண்டாம், அக்கா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வெள்ளியோடு முடிகிற கழிவு அடுத்த வெள்ளியும் இருக்கும். வகுப்பு நிரம்பாதவரை இருந்துகொண்டே இருக்கும்.

கணிதப் பயத்துக்கு வருவோம். தொடக்கப் பாடத்துக்கு இணைந்த கணிதம் தேவையில்லை. ஓ.எல். கணக்குப் போதும், ஆனால் அது மறந்திருக்கக் கூடாது. எதிரி எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்று பார்க்கப் பைதகரஸ்: குறுக்கே 3, நெடுக்கே 4 என்றால் தூரம் 5. துவக்கு திரும்பி நிற்கிற பக்கம் குண்டைப் போகவிடுவதற்கு சைன், கோசைன். முப்பரிமாணத்துக்குப் போகும்போது காவிகள் (அளவும் திசையும் சேர்ந்த கணியங்கள், வெக்டர்) வரும், அதை அப்போது படித்துக்கொள்ளலாம்.

பெடியன்கள் இடறுவது வேறிடத்தில். ஒரு உதாரணம் சொல்கிறேன், மகனுக்கும் வாசித்துக் காட்டுங்கள். திரையில் ஒரு பந்து இடமிருந்து வலமாகப் போக வேண்டும். கேம் என்பது செக்கனுக்கு 60 தடவை திரையை அழித்து அழித்து வரைகிற வேலை. ஒவ்வொரு தடவையும் பந்தை 5 புள்ளி (திரையின் பிக்சல்) தள்ளு என்று பெடியன் எழுதுகிறான். அவனுடைய கணினியில் செக்கனுக்கு 300 புள்ளி, வடிவாகப் போகிறது. அதே கேமை உங்களுடைய பழைய போனில் போட்டால், அது 30 தடவைதான் வரைகிறது என்று வையுங்கள், பந்து 150 புள்ளியோடு நொண்டுகிறது. என்ன பிழை? வேகத்தை ‘தடவைக்கு இவ்வளவு’ என்று எழுதியதுதான் பிழை. ‘செக்கனுக்கு 300’ என்று வைத்துக்கொண்டு, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் கழிந்த நேரத்தால் பெருக்க வேண்டும். 60 தடவை வரைகிற இடத்தில் அது ஏறக்குறைய 0.0167 செக்கன், 30 தடவை வரைகிற இடத்தில் 0.033. இரண்டிலும் பந்து ஒரே நேரத்தில் போய்ச் சேரும். இந்த இடைநேரத்தை டெல்ற்றா என்பார்கள். நாள் வட்டிக்கும் மாத வட்டிக்கும் வித்தியாசம் தெரிந்த வர்த்தகப் பிள்ளைக்கு இது பெரிய சங்கதி இல்லை. இதைக் கேட்டு மகனுடைய முகம் மலர்ந்தால் நல்ல அறிகுறி. கொட்டாவி விட்டால் அவனுக்குப் பிடித்தது கேம் விளையாடுவது, செய்வது இல்லை.

இனி நோட்டீஸ். அதில் ‘சர்வதேச லெவல் 3 டிப்ளோமா’ என்று தங்க எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த ‘லெவல்’ என்ற சொல்லை வைத்து இங்கே எத்தனை பேருடைய காசு போயிருக்கிறது என்று நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். நம்முடைய என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) அளவுகோலில் 7 படிகள்: 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். பல்கலைக்கழகங்களுக்கு வேறோர் அளவுகோல், எஸ்.எல்.கியூ.எஃப். (இலங்கைத் தகைமைச் சட்டகம்), அதில் 5 என்றாலே பட்டம். இங்கிலாந்தின் அளவுகோலில் 4 பல்கலைக்கழக முதல் வருடத்துக்குச் சமம், 5 இரண்டாம் வருடம், 6 பட்டம். நோட்டீஸ்காரர் ‘சர்வதேச’ என்பது இந்த இங்கிலாந்து அளவுகோலைத்தான் என்றால், 3 எது? அவர்களுடைய ஏ.எல். உங்கள் மகன் இப்போது எழுதி முடித்த அதே படி! பன்னிரண்டு, பதின்மூன்றாம் வகுப்பை இலவசமாகப் படித்த பிள்ளையை, அதே உயரத்தில் இன்னொரு தரம் நிற்க ஆறரை லட்சம் கேட்கிறார்கள். ஒரே இலக்கத்துக்கு மூன்று அர்த்தம் வைத்துவிட்டு, எது எது என்று தாய்மாரே தேடிப் பார்க்கட்டும் என்று விட்டிருக்கிறது நம் ஒழுங்கு.

ஒரு விதிவிலக்கு உண்டு. உயர்தரத்தில் மகன் தேவையான பாடங்களில் சித்தியடையாவிட்டால், இங்கிலாந்து லெவல் 3 அவனுக்கு லெவல் 4க்குப் போகிற ஏணியாகலாம். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டு கட்டக் கூடாது. அந்த டிப்ளோமாவைத் தருவது உள்ளூர்க் கல்லூரி இல்லை, அங்கே உள்ள ஒரு சான்றளிக்கும் அமைப்பு. அந்த அமைப்பும் அந்த டிப்ளோமாவும் இங்கிலாந்தின் ஒஃப்குவால் என்ற அரச மேற்பார்வை நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். பதிவேடு இணையத்தில் திறந்தே கிடக்கிறது, தகைமை இலக்கத்தைப் போட்டுத் தேடலாம். கல்லூரி அந்த இலக்கத்தைத் தர மறுத்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. தந்தால், பதிவேட்டில் இருக்கிற பெயரும் நோட்டீஸில் இருக்கிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். பதிவேட்டில் ‘ஐ.ரி.’ என்றும் நோட்டீஸில் ‘கேம் புரோகிராமிங்’ என்றும் இருந்தால், சான்றிதழில் கேம் என்ற சொல்லே வராது. அடுத்த படிக்கு மகனை எடுக்கப்போகிற கல்லூரி இந்தச் சான்றிதழை ஏற்கும் என்று அந்தக் கல்லூரியே எழுதித் தர வேண்டும். நடுவில் நிற்கிற ஏஜென்சிக்காரர் எழுதித் தந்தால் அது செல்லாது. அந்தக் கல்லூரிகளிடமிருந்து தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கிக்கொண்டு, உங்களிடமும் ‘ஆலோசனைக் கட்டணம்’ வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். ‘டிப்ளோமா முடித்தால் லண்டன் விசா சுகம்’ என்று பேச்சு திரும்பினால், அங்கே விற்கப்படுவது படிப்பு இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

உள்ளூர்ப் பதிவு பற்றியும் ஒரு சொல். தொழிற்பயிற்சி நடத்துகிற தனியார் நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும். அந்தப் பதிவு நிறுவனத்துக்கு. குறிப்பிட்ட பாடநெறிக்குத் தரச்சான்று இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. சுவரில் மாட்டியிருக்கிற கடதாசியைக் காட்டி ‘அரசாங்கம் அங்கீகரித்த பாடநெறி’ என்பார்கள். எதை அங்கீகரித்தது என்று கேளுங்கள்.

அடுத்த பொறி பெயரில் இருக்கிறது. நோட்டீஸின் பின்பக்கப் பாடத்திட்டத்தை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது பாடங்களில் ஐந்து உருவம் வரைவது, அனிமேஷன், வீடியோ எடிற்றிங். புரோகிராமிங் என்று இரண்டுதான். இது பழைய கிராஃபிக் டிசைன் வகுப்புக்குப் புதிய சட்டை. அதுவும் மதிப்பான தொழில்தான், ஆனால் அது வேறு பாடம். நல்ல தொடக்கப் பாடத்தில் முதல் சில வாரம் கேமே இருக்காது. மாறி, நிபந்தனை, சுற்று, செயற்கூறு என்று புரோகிராமிங்கின் அடிப்படைகளோடு வறட்சியாகத்தான் போகும். பிறகு பொங் மாதிரியான பழைய சின்ன விளையாட்டுகளைத் திரும்பச் செய்ய விடுவார்கள். முதல் மாதமே முப்பரிமாணத் துப்பாக்கிச் சண்டை செய்யலாம் என்றால், யாரோ செய்ததைத் திறந்து நிறம் மாற்ற வைக்கப்போகிறார்கள்.

நானும் இருபது வயதில் வெள்ளவத்தையில் ஒரு வகுப்புக்கு முழுக் காசையும் முதலிலேயே கட்டினேன். மூன்றாம் மாதம் ஆசிரியர் வெளிநாடு போய்விட்டார். அவருக்குப் பதில் வந்தவர் யூடியூப் வீடியோவைப் புரொஜெக்ரரில் ஓடவிட்டு, வாசலில் போய் நின்று போன் கதைத்தார். அதனால் கேட்கிறேன்: படிப்பிக்கப்போகிறவர் யார்? அவர் செய்த ஒரு கேம், அதுவும் இல்லாவிட்டால் போன அணிப் பிள்ளைகள் செய்த ஒரு கேம், உங்கள் போனில் இப்போதே விளையாடிப் பார்க்க முடியுமா? வரவேற்பில் இருக்கிற பிள்ளையிடம் கேட்காதீர்கள், பாவம், அதுக்குத் தெரியாது. ஆசிரியரை வரச் சொல்லிக் கேளுங்கள்.

லப்டொப்பை அவர்களிடம் வாங்கவே வேண்டாம். தவணைக்குள் வட்டி ஒளிந்திருக்கும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் தொடங்க அது போதும். கொடோ என்று கேம் செய்கிற ஒரு மென்பொருள், முழுக்க இலவசம், திறந்த மூலம், பழைய கணினியிலும் ஓடும். அதே வேலைக்கான யுனிட்டி, அன்ரியல் இரண்டும் பெரியவை. அவற்றையும் படிக்கிறவர்கள் காசு கொடுக்காமல் இறக்கலாம், ஆனால் அன்ரியலுக்குக் கனத்த கணினி வேண்டும். மென்பொருள் உரிமத்துக்கு என்று நோட்டீஸில் 40,000 போட்டிருக்கிறதே, அது எந்த மென்பொருளுக்கு என்று ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

மகனுக்கு ஒரு மாதம் கொடுங்கள். உயர்தரத்தில் மூன்றாவது பாடமாக ஐ.சி.ரி. எடுத்திருந்தால் பைதன் என்ற புரோகிராமிங் மொழி கொஞ்சம் தெரிந்திருக்கும், கொடோவின் மொழி அதைப் போலவே இருக்கும். எடுக்காவிட்டால், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சி.எஸ். 50 என்ற தொடக்கக் கணினிப் பாடம் இணையத்தில் இலவசம், ஆங்கிலத்தில். ஆங்கிலம் தடுக்குகிறதென்றால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் பிழைச் செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், ஆறரை லட்சம் கட்டினாலும். மாத முடிவில் அவன் கையில் ஒரு பந்து, ஒரு மட்டை, புள்ளி எண்ணுகிற ஒரு மூலை இருந்தால் போதும். அந்தச் சின்னக் கேமை இட்ச் என்ற தளத்தில் காசில்லாமல் ஏற்றலாம். கனடா மாமா அங்கிருந்தே விளையாடிப் பார்த்துவிட்டுக் காசு அனுப்பலாமா என்று முடிவெடுக்கட்டும்.

அதற்குள் பெறுபேறு வந்துவிடும். யாழ்ப்பாணத்தில் அரச உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்ப டிப்ளோமா இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டமும் இருக்கிறது. கேம் என்ற சொல் அவற்றின் பெயரில் இல்லை, ஆனால் புரோகிராமிங் இருக்கிறது. வர்த்தகப் பிரிவுக்காரரை எடுப்பார்களா என்பதை அந்த வருட அறிவித்தலை வாசித்துப் பாருங்கள், ரியூட்டரிக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து கட்டாயம் கோல் வரும். ‘தகைமை இலக்கத்தை வட்ஸ்அப்பில் அனுப்புங்கோ, பார்த்திட்டுச் சொல்லுறன்’ என்று சொல்லிவிட்டு வையுங்கள்.