திண்ணையும் செருமலும்

கேள்வி: ஊர்ச் செய்திகளுக்காக ஒரு இணையதளம் நடத்துகிறேன். யார் யாரோ வந்து எழுதுகிறார்கள். என் வீட்டுத் திண்ணையில் எவனோ உட்கார்ந்து ஏதோ பேசினால் அதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: திண்ணை என்று எழுதினீர்களே, அதைப் பற்றித்தான் பேசவேண்டும்.

எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணை சிவப்பு சிமெண்டு பூசியது. ஒரு ஓரத்தில் தலை சாய்க்க மேடு கட்டியிருக்கும். மத்தியானச் சாப்பாடு ஆனதும் நாலைந்து பேர் கூடிவிடுவார்கள். சீட்டுக்கட்டு, அரசியல், ஊர்க்கதை எல்லாம் நடக்கும். யாரையும் தாத்தா வராதே என்று சொன்னதில்லை. ரேழியில் கண்ணை மூடிப் படுத்திருப்பார். பேச்சு யார் வீட்டுப் பெண்ணின் பக்கமாவது திரும்பியதோ, உள்ளேயிருந்து ஒரு செருமல் வரும். அவ்வளவுதான், பேச்சு நெல் விலைக்குப் போய்விடும். ஒரு தடவை ஒருவர் அந்தச் செருமலுக்கும் அடங்கவில்லை. தாத்தா எழுந்து வந்து வாசற்படியில் நின்று, "நேரமாச்சு, கிளம்புங்க" என்றார். அந்த மனிதர் அப்புறம் ஒரு மாதம் எங்கள் தெருவிலேயே தென்படவில்லை.

பேசியவர் பேச்சு தாத்தாவுடையது ஆகாது. ஆனால் காதில் விழுந்தும் அவர் செருமாமல் கிடந்திருந்தால் ஊர் அவரைத்தான் கேட்டிருக்கும்.

இந்தச் சின்ன விஷயத்தில் நீதிமன்றங்கள் நிறையத் தடுமாறியிருக்கின்றன. 1991-இல் அமெரிக்காவில், பிறர் எழுதுவதைக் கணினி வழியே படிக்கக் கொடுத்த கம்ப்யூசர்வ் நிறுவனம், வருவதை முன்கூட்டிப் பார்ப்பதில்லை என்பதால் அவதூறு வழக்கில் தப்பித்தது. 1995-இல் அதே தொழில் செய்த புராடிஜி நிறுவனம், வருவதைப் பார்த்து மோசமானவற்றை நீக்கி வந்ததாலேயே வெளியீட்டாளர் என்று மாட்டிக்கொண்டது. தூங்கியவருக்கு விடுதலை, செருமியவருக்குத் தண்டனை! அதைச் சரிசெய்யத்தான், பிறர் எழுதியதற்குத் தளம் நடத்துபவரை வெளியீட்டாளராகக் கருதக்கூடாது என்கிற 230-ஆம் பிரிவு 1996-இல் அங்கே சட்டமாக வந்தது. நம் ஊரில் பிறர் எழுதியதற்காகத் தளம் நடத்துபவர் மாட்டிக்கொள்ளாமல் காக்க, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு இருக்கிறது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்த பிறகும் நீக்காவிட்டால்தான் அந்தப் பாதுகாப்பு போகும் என்று 2015-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே சட்டப்படி உங்களுக்கு ஓரளவு நிழல் உண்டு.

அந்த நிழல் இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்பதற்குத் தாய்லாந்தைப் பாருங்கள். அரச குடும்பத்தை இழிவுபடுத்தினால் அங்கே 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. பிரச்சாதாய் என்ற செய்தித் தளத்தை நடத்திய சிரானுச் பிரேம்சைபோர்ன் என்ற பெண்மணி மீது, வாசகர்கள் எழுதிப்போட்ட 10 பதிவுகளுக்காக வழக்குப் போட்டார்கள். எல்லாவற்றையும் அவர் நீக்கியிருந்தார். ஒன்று மட்டும் 20 நாள் இருந்துவிட்டது. அந்த ஒன்றுக்காக 2012-இல் 8 மாதச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்திவைத்தார்கள். என் மனம் இன்னும் ஆறவில்லை. தாமதத்தைக் குற்றமாக்கினால், பயந்துபோய் எவரும் திண்ணையையே இடித்துவிடுவார்கள்.

சரி, என் பழைய சண்டைக்கு வருகிறேன். ஒரு மொழியில் கடை விரிப்பவர் அந்த மொழியைப் படிக்கத் தெரிந்த ஆட்களை வேலைக்கு வைக்கவேண்டும். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

2018 பிப்ரவரி, இலங்கையின் அம்பாறை. தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. குழம்பில் ஒரு மாவுக்கட்டி. சாப்பிட வந்தவர் அதைக் கருத்தடை மாத்திரை என்று கத்துகிறார். கூட்டம் சூழ்ந்துகொண்டு சிங்களத்தில் கேட்கிறது. சிங்களம் சரியாக வராத கடைக்காரர், நடுங்கிக்கொண்டே 'ஆமாம், போட்டோம்' என்பதுபோல ஏதோ சொல்லிவிடுகிறார். அந்த வீடியோ பேஸ்புக்கில் நாடெல்லாம் ஓடியது. அது வெறும் மாவு என்று அரசுப் பரிசோதனை சொன்னபோது காரியம் கைமீறிவிட்டது. மார்ச்சில் கண்டி, திகன பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவசரநிலை வந்தது. பேஸ்புக்கை அரசே முடக்கியது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றிப் புகார் செய்தவர்களுக்கு 'விதிமீறல் இல்லை' என்று பதில் போயிருந்தது. திண்ணை கண்டியில், வீட்டுக்காரர் கலிபோர்னியாவில். அவர் காதில் எதுவும் விழவில்லை, விழுந்தாலும் புரிந்திருக்காது. பேஸ்புக்கின் மன்னிப்பு 2020 மே மாதம் வந்தது.

அதே நிறுவனம் செருமக்கூடாத இடத்தில் செருமியும் இருக்கிறது. வியட்நாமில் 1972-இல் நேபாம் குண்டில் வெந்து, உடையில்லாமல் ஓடிவந்த சிறுமியின் படம் உங்களுக்கு நினைவிருக்கும். நிர்வாணம் என்று சொல்லி 2016-இல் நார்வேக்காரர்கள் போட்ட அந்தப் படத்தை நீக்கினார்கள், பிரதமர் எர்னா சூல்பர்க் போட்டதையும் சேர்த்து. ஆஃப்டன்போஸ்டன் நாளிதழின் ஆசிரியர் முதல் பக்கத்திலேயே சக்கர்பெர்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதிய பிறகுதான் பின்வாங்கினார்கள். போரின் கொடுமைக்கும் ஆபாசத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓஸ்லோவில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

உங்களுக்கு இந்தக் கஷ்டம் எதுவும் இல்லை. உங்கள் ஊர், உங்கள் தமிழ். எந்தச் சொல் யாரைக் குத்தும், எந்தத் தெருவின் பெயரைச் சொன்னால் எந்தச் சாதியைச் சொன்னதாக அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரிந்ததுபோல வேறு எவருக்கும் தெரியாது. ஒரு நாளைக்கு எத்தனை பதிவு வருகிறது, ராத்திரி வந்ததைக் காலையில் யார் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.