கனமான மெஷின் அசையாது என்று நம்பலாமா? வேனுக்குள் கருவிகளைக் கட்டும் முறை

கேள்வி: நான் பிளம்பிங் வேலை செய்கிறேன். சொந்தமாக ஒரு மூடிய வேன் வைத்திருக்கிறேன். ஸ்பேனர், டிரில், ஃபிட்டிங்ஸ் எல்லாம் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் போட்டு, டிரைவர் சீட்டின் பின்புறத்திலிருந்து வரிசையாக அடுக்கி, எலாஸ்டிக் கயிற்றால் கட்டிவிடுவேன். பைப்பில் மரை போடும் மெஷின் மட்டும் 60 கிலோ. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடியும். இவ்வளவு கனம் எங்கே போகப்போகிறது என்று அதைக் கட்டாமல் பின்கதவு ஓரமாக வைத்துவிடுவேன். போன வாரம் குறுக்கே ஒரு நாய் ஓடி வந்ததால் பிரேக்கை அழுத்தி மிதித்தேன். கிரேட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மெஷின் சறுக்கிக்கொண்டு வந்து பக்கத்து சீட்டின் முதுகில் இடித்தது. நல்லவேளை, அதில் யாரும் இல்லை. கனமான பொருள் எப்படி நகர்ந்தது? சீட்டுக்குப் பின்னால் தடுப்பு கிடையாது. பிளைவுட்டில் ரேக் அடிக்கலாம் என்றிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அந்த சீட்டைப் பாருங்கள். முதுகுப்பகுதி வளைந்திருக்கிறதா, சாய்க்கும் பூட்டு சரியாக விழுகிறதா, தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஆடுகின்றனவா என்று மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். அதுவரை அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

இனி மெஷின் விஷயம். கனமான பொருள் தானாக நின்றுகொள்ளும் என்ற நம்பிக்கை உங்களுக்கு மட்டும் இல்லை, முப்பது வருடம் வண்டி ஓட்டியவர்களுக்கும் இருக்கிறது. ஒரு பலகையில் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகளை வையுங்கள். ஒன்று காலி, மற்றொன்றில் ஆணிகள் நிரம்பியிருக்கட்டும். பலகையின் ஒரு முனையை மெல்லத் தூக்குங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சரிவில்தான் சறுக்கத் தொடங்கும். கனம் கூடும்போது தரையைப் பிடிக்கும் உராய்வு கூடுவது உண்மை. ஆனால் பிரேக் போடும்போது பொருளை முன்னால் தள்ளும் விசையும் அதே அளவில் கூடுகிறது. அதனால் கனத்தால் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. நகரத் தொடங்கிய பிறகு வந்து இடிக்கும் விசையில்தான் அந்தக் கனம் தன் வேலையைக் காட்டும்.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். சரக்குக் கட்டுவதற்கான ஐரோப்பியத் தரநிலை இ.என். 12195-1 சொல்வது இது: முன்பக்கமாகப் பொருளின் எடையில் 0.8 பங்கு விசையைத் தாங்கும்படி கட்ட வேண்டும், பக்கவாட்டிலும் பின்பக்கமாகவும் 0.5 பங்கு. உங்கள் 60 கிலோ மெஷினை முன்னால் தள்ளுவது 48 கிலோ விசை. வழுக்கும் இரும்புத் தரையில் இரும்பு அடிப்பாகம் உட்கார்ந்தால் உராய்வு ஐந்தில் ஒரு பங்குதான் பிடிக்கும், அதாவது 12 கிலோ. மீதி 36 கிலோவைப் பிடிக்க யாரும் இல்லை. இதை மேலிருந்து பெல்ட் போட்டு அழுத்தியே நிறுத்த வேண்டுமானால் 180 கிலோ அழுத்தம் தேவை, ஏனென்றால் அழுத்தத்திலும் ஐந்தில் ஒரு பங்குதான் பிடியாக மாறும். அதே மெஷினுக்கு அடியில் நல்ல ரப்பர் மேட் விரித்தால் உராய்வு எடையில் 0.6 பங்குக்கு ஏறும். அப்போது மேட்டே 36 கிலோவைப் பிடித்துவிடும், பெல்ட் 20 கிலோ அழுத்தினால் போதும். 180 எங்கே, 20 எங்கே! சரக்கு கட்டுவதில் ரப்பர் மேட்டைப் போல் குறைந்த செலவில் பெரிய பலன் தரும் பொருள் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிபந்தனை உண்டு: மேட்டில் எண்ணெய், தண்ணீர், மரத்தூள், மணல் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் போய்விடும். தரையைப் பெருக்குவதும் கட்டும் வேலையில் ஒரு பகுதிதான்.

இது பிரேக்குக்கான கணக்கு மட்டும். மோதலில் நிலைமை வேறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வேன் எதிலாவது மோதி, முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் சராசரியாகத் தன் எடையைப் போல் 16 மடங்கு விசையோடு முன்னால் தள்ளும். உங்கள் மெஷின் அப்போது கிட்டத்தட்ட ஒரு டன். 10 கிலோ டூல்பாக்ஸ் கட்டப்படாமல் இருந்தால், சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, தலையில் விழுவதற்குச் சமம். இதைத் தாங்க சீட்டின் முதுகு செய்யப்படவில்லை.

அதனால் உங்கள் பணம் முதலில் போக வேண்டியது தடுப்புக்கு. ரேக் அடுத்து. வேனின் மாடலுக்கென்றே செய்த, பாடியின் பலமான இடங்களில் போல்ட் போட்டு முடுக்கும் தடுப்பை வாங்குங்கள். டெலிவரி வேன்களின் தடுப்புக்கும் தரைவளையங்களுக்கும் (பெல்ட் மாட்டத் தரையில் பதித்த வளையங்கள்) ஐஎஸ்ஓ 27956 என்ற தரநிலை 2009-ல் வந்தது. வாங்கும்போது அந்தச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். கம்பி வலைத் தடுப்பு கிரேட்டை நிறுத்தும், பைப்பை நிறுத்தாது. என் கண் முன்னாலேயே, கட்டாமல் போட்டிருந்த இரும்பு பைப் கட்டு ஒன்று வலையைத் துளைத்து, இரண்டு சீட்டுகளுக்கு நடுவே புகுந்து டேஷ்போர்டில் போய்க் குத்தி நின்றது. நடு சீட் அன்று காலி. இன்று வரை அதை நினைத்தால் உடம்பு நடுங்குகிறது. தகட்டுத் தடுப்பே போடுங்கள்.

தடுப்பு வந்ததும் கனமான பொருளை அதை ஒட்டி, இடைவெளி இல்லாமல் வையுங்கள். உங்கள் கிரேட்டுகள் ஏன் நகரவில்லை என்ற கேள்விக்கும் விடை இதுதான். எலாஸ்டிக் கயிறு அவற்றைப் பிடிக்கவில்லை, முன்னால் போக இடமில்லாததால் நின்றன. ஒட்டி இருக்கும் பொருள் வண்டியோடு சேர்ந்தே வேகம் குறைகிறது. ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், வண்டி நின்ற பிறகும் அது முழு வேகத்தில் பறந்து வந்து அடிக்கிறது. ஒட்டி வைக்க முடியாத நாளில் நடுவில் மரக்கட்டை, காலிப் பெட்டி, தட்டு எதையாவது இறுக்கமாகச் செருகி இடைவெளியை அடையுங்கள். எலாஸ்டிக் கயிறு போர்வையைப் பிடிக்கத்தான் லாயக்கு. விசை வந்தால் அது நீளும்.

கட்டுவதற்கு ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி முடுக்கினால் இறுகி, தானாகத் தளராத பெல்ட், வாங்குங்கள். அதில் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். நீல லேபிள் என்றால் பாலியெஸ்டர். எல்.சி. என்று போட்ட எண், நேராக இழுக்கும்போது பெல்ட் தாங்கும் அளவு. எஸ்.டி.எஃப். என்பது கையால் ராட்செட்டை முடுக்கினால் பெல்ட்டில் கிடைக்கும் இறுக்கம். இரண்டும் டேகாநியூட்டன் கணக்கில் இருக்கும், ஒரு டேகாநியூட்டன் என்றால் சுமாராக ஒரு கிலோ இழுப்பு. மெஷின் மேல் போட்டு அழுத்திக் கட்டும்போது உங்களுக்கு உதவுவது எஸ்.டி.எஃப். எண்தான். பலர் எல்.சி.-யைப் பார்த்து ஏமாந்துபோகிறார்கள். இன்னும் நல்ல வழி, மெஷினின் முன்பக்கத்தைச் சுற்றி பெல்ட்டைக் கொண்டுவந்து, பின்னால் இருபுறத் தரைவளையங்களில் மாட்டி முடுக்குவது. அப்போது பெல்ட்டே மெஷினைப் பிடித்து நிறுத்துகிறது. ராட்செட் உருளையில் குறைந்தது இரண்டு சுற்று விழ வேண்டும். பெல்ட்டில் முடிச்சுப் போடக்கூடாது. கூரான விளிம்பில் உரசும் இடத்தில் பழைய ரப்பர் குழாயைக் கிழித்துச் செருகுங்கள். ஓரம் வெட்டுப்பட்ட பெல்ட்டைத் தூக்கி எறிந்துவிடுங்கள், இன்னொரு நாளைக்கு என்று வைக்காதீர்கள். கிளம்பிச் சில கிலோமீட்டர் போனதும் ஒருமுறை இறங்கி இறுக்கிப் பாருங்கள். சரக்கு அதிர்ந்து உட்கார்ந்த பின் பெல்ட் தளர்ந்திருக்கும்.

பைப்புகளைக் கட்டாகச் சேர்த்து, பெல்ட்டை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி, தரையோடு கட்டுங்கள். முன்முனைக்கும் தடுப்புக்கும் நடுவே குறுக்காக ஒரு தடித்த பலகை இருக்கட்டும். விசை ஒரே புள்ளியில் இறங்காமல் அது பரப்பிக் கொடுக்கும்.

இப்போது ரேக். பிளைவுட்டில் அடிக்கலாம், தவறில்லை. ஆனால் வேனின் வெளித்தகட்டில் ஸ்குரூ ஏற்றி நிறுத்தினால் முதல் மோதலிலேயே ரேக் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வரும், பொருளோடு சேர்த்து. பாடியின் விலா எலும்பு போன்ற சட்டங்களிலும், கம்பெனியே மரை போட்டு விட்டிருக்கும் துளைகளிலும் போல்ட் போடுங்கள். துளை இல்லாத இடத்தில் ரிவெட் நட் (தகட்டுத் துளையிலேயே இறுகி உட்காரும் நட்) அல்லது பின்பக்கம் தகடு வைத்த போல்ட். டிரில் போடும் முன் அந்தப் பக்கம் வயரிங், டீசல் குழாய், ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள், போட்ட துளைக்குத் துரு பிடிக்காமல் பெயின்ட் தடவுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் நான்கு விரல் உயர விளிம்பு வேண்டும், இழுப்பறைக்குத் தானாக விழும் பூட்டு வேண்டும். பைப் ரிஞ்ச், வைஸ் எல்லாம் அடித்தட்டில், டேப், வாஷர் போன்றவை மேல்தட்டில்.

கனத்தை எங்கே இறக்குகிறீர்கள் என்பது ஓட்டும் விதத்தையே மாற்றும். பின்சக்கர அச்சுக்கும் பின்னால் கனம் சேர்ந்தால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டியரிங்கின் பிடி தளரும். உங்கள் மெஷின் இத்தனை நாள் பின்கதவு ஓரம் இருந்ததில் இந்தத் தொல்லையும் சேர்ந்திருக்கும். ரேக், தடுப்பு எல்லாம் வந்த பிறகு முழுச் சாமானோடு ஒருநாள் எடைமேடையில் ஏற்றி, கதவுச் சட்டத்திலோ வண்டிப் புத்தகத்திலோ இருக்கும் அச்சு எடை வரம்போடு ஒப்பிடுங்கள். ரேக்கின் எடையும் சரக்குக் கணக்கில்தான் வரும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பிளம்பர் என்பதால் சொல்கிறேன்: கியாஸ் சிலிண்டர். மூடிய வேனில் அதை வைத்துக்கொண்டு திரிவது எனக்குச் சம்மதமே இல்லை. அசிட்டிலீன் காற்றில் இரண்டரை விழுக்காடு கலந்தாலே வெடிக்கும் நிலைக்கு வந்துவிடும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையிலேயே தேங்கும். கதவு திறக்கும்போது ஒரு சிறு பொறி போதும். வேறு வழியே இல்லை என்றால் வெளியே காற்றுப்போக்குக் குழாய் வைத்த தனி அலமாரியில், நிமிர்த்தி, கட்டி, வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றி வையுங்கள். வேலை முடிந்ததும் இறக்கிவிடுங்கள், ராத்திரி முழுக்க வண்டியில் விடாதீர்கள். பேட்டரி டூல்களின் பேட்டரியையும் கழற்றி, முனைகளை மூடி, ஆணி, ஸ்குரூ கிடக்கும் டப்பாவிலிருந்து தள்ளி வையுங்கள்.

டிரைவர் பக்கத்தில் எதுவும் தளர்வாகக் கிடக்கக்கூடாது. காலடியில் உருளும் தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால், பின்னால் நீங்கள் எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் வண்டி நிற்காது. அதை மூடி போட்ட பெட்டியில் வையுங்கள். போய்ச் சேர்ந்ததும் பின்கதவைத் திறக்கும்போது நேரெதிரே நிற்காமல் ஓரமாக நின்று, முதலில் ஒரு சாண் மட்டும் திறந்து, எதுவும் கதவில் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைத் திறங்கள்.