குளத்து வண்டலைத் தோட்டத்தில் கொட்டலாமா?

கேள்வி: "காங்கேயம் பக்கம் நாலு ஏக்கர் தோட்டம். நொய்யல் தண்ணீர் பாயும் குளத்திலிருந்து எட்டு லோடு வண்டல் வந்து சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) பக்கத்தில் குவிந்து கிடக்கிறது. கீரையும் மாட்டுக்குச் சோளமும் போடுவோம். சாயக்கழிவு கலந்த மண் என்று பயமுறுத்துகிறார்கள். இறைக்கலாமா?"

இப்போதைக்கு இறைக்காதீர்கள். குவியலாகக் கிடக்கும் வரை அள்ளித் திருப்பி அனுப்பலாம். உழவோடு கலந்துவிட்டால் பிரித்தெடுக்க வழியே இல்லை.

நொய்யலில் வந்த திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிக் கெட்டுப்போன ஒரத்துப்பாளையம் அணையின் கதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2011-ல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, ஆற்றுத் தண்ணீரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். அடியில் படிந்ததைப் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை என்பது என் வருத்தம். சாயக்கழிவில் வந்த உப்பு நல்ல மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். குரோமியம், காரீயம், கேட்மியம், நிக்கல் போன்ற கன உலோகங்கள் அப்படிப் போகாது. முலாம் பூசும் பட்டறை, பேட்டரிக் கழிவு, சில சாயங்கள் என்று பல வழியில் வரும் இவை நைசான களியிலும் மக்கிலும்தான் ஒட்டிக்கொள்ளும். கையில் எடுத்தால் கருப்பாக, வழவழவென்று, விரல் ரேகையில் ஏறிக்கொள்கிற வண்டலைத்தானே நாம் நல்ல மண் என்போம்? உலோகமும் அதில்தான் அதிகம் தங்கும். பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது.

அதனால் பரிசோதனை. வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்து, உப்பு, கார அமில நிலைதான் வரும். "மொத்த கன உலோகம் பார்க்க வேண்டும்" என்று தனியாகக் கேளுங்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள், இல்லையென்றால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகம். குவியலின் மேல், நடு, அடி என்று பத்து இடத்தில் மரக்குச்சியால் கிளறி எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, அரைக் கிலோ கட்டுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள வாளி வேண்டாம், அதுவே கணக்கைக் கெடுக்கும். உங்கள் தோட்டத்து மண்ணிலும் ஒரு பொட்டலம் சேர்த்து அனுப்புங்கள். நம் மண்ணிலேயே இயல்பாகக் குரோமியம், நிக்கல் இருக்கும், அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். நகரக் கம்போஸ்ட் உரத்துக்கு உரக்கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் உச்சவரம்பை ஒரு அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: கிலோவுக்குக் காரீயம் 100 மில்லிகிராம், கேட்மியம் 5, நிக்கல் 50, குரோமியம் 50. காரீயமோ கேட்மியமோ இதைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்.

ஏற்கெனவே கொஞ்சம் இறைத்திருந்தால் அந்த இடத்தில் கீரை, முள்ளங்கி, மஞ்சள் வேண்டாம். கேட்மியத்தை இலைதான் அதிகம் இழுக்கும். கிழங்கில் மண்ணே ஒட்டி வரும். பருத்தியோ மர வகையோ வையுங்கள். அப்புறம் மாடு. காரீயம், குரோமியம் போன்றவற்றுக்கு, வேர் மூலமாக ஏறுவதைவிட, தரையோடு மேயும்போது புல்லோடு சேர்த்து விழுங்கும் மண்தான் பெரிய வழி. அதனால் அந்தப் பக்கம் மேய விடாமல், கொறங்காட்டுக்கே (மேய்ச்சல் நிலத்துக்கே) ஓட்டிப் போங்கள்.

முடிவு வரும் வரை குவியலைத் தார்ப்பாய் போட்டு மூடி, மேட்டுப் பக்கம் சின்ன வாய்க்கால் வெட்டி மழைத் தண்ணீரைத் திருப்பி விடுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் இந்த வேலையை இன்றே செய்யுங்கள்.