வந்த நோய்க்கே தடுப்பூசியா?

கேள்வி: போன வருடம் என் சித்தப்பாவுக்கு ரண ஜன்னி வந்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். அம்மை போல ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்று நாங்கள் நினைத்திருக்க, டிஸ்சார்ஜ் ஆகும்போது ஊசி போட்டு, அடுத்த ஊசிக்கும் தேதி எழுதிக் கொடுத்தார்கள். வந்துபோன நோய்க்கு எதற்குத் தடுப்பூசி?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தேதி தவறாமல் போட்டுவிடுங்கள், அப்புறம் காரணத்தைப் பேசலாம்.

அம்மையில் கிருமி உடம்பு முழுக்கப் பெருகுகிறது, எதிர்ப்பு அணுக்களுக்கு அதன் முகம் நன்றாகப் பதிந்துவிடுகிறது. ரண ஜன்னிக் கிருமியோ காயத்தை விட்டு நகர்வதே இல்லை. காற்றுப் புகாத ஆழமான காயத்துக்குள் உட்கார்ந்துகொண்டு நஞ்சை மட்டும் அனுப்பும். அந்த நஞ்சு 70 கிலோ எடையுள்ள ஆளைக் கொல்ல ஏறக்குறைய 175 நானோகிராம் போதும். ஒரு கிராமை நூறு கோடிக் கூறு போட்டு அதில் 175 கூறை எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான். இந்தச் சொற்ப அளவு எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணிலேயே படுவதில்லை. அது விழித்துக்கொள்ளும் அளவுக்கு நஞ்சு சேர்வதற்குள் ஆள் போய்விடுவார். போதாததற்கு இந்த நஞ்சு நரம்புக்குள் நுழைந்து தண்டுவடம் வரை ஏறிவிடுகிறது, உள்ளே போனபின் எதிர்ப்பொருள் அதைத் தொட முடியாது. அதனால்தான் உங்கள் சித்தப்பா பிழைத்து வந்தும் அவர் உடம்பு ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

ஊசி கற்றுக்கொடுக்கும். 1920களில் பிரான்சில் காஸ்தோன் ரமோன் என்பவர், தொண்டை அடைப்பான் நஞ்சில் ஃபார்மலின் கலந்து மிதமான சூட்டில் வைத்திருந்தால் விஷம் போய்விடுகிறது, உருவம் அப்படியே நிற்கிறது என்று கண்டுபிடித்தார். பல் பிடுங்கிய பாம்பு. ரண ஜன்னி ஊசியும் அதே வழிதான், பல் இல்லாததால் உடம்புக்குப் புரியும் அளவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். (துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஊசி என்பது தவறு. துருவுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமிதான் வில்லன், புது ஆணியும் முள்ளும் அதே வேலையைச் செய்யும்.)

கேள்வி: கல்யாண வீட்டிலிருந்து கொண்டுவந்த சாப்பாட்டை ராத்திரி கொதிக்கக் கொதிக்கச் சுடவைத்துத்தான் சாப்பிட்டோம். மூன்றே மணி நேரத்தில் எல்லோருக்கும் வாந்தி. கொதித்தால் கிருமி சாகாதா?
– வாசகி, தேனி

பதில்: செத்திருக்கும். ஆனால் சாகும் முன் உண்டாக்கி வைத்த நஞ்சு சாகாது. மூன்று மணி நேரக் கணக்கைப் பார்த்தால், சமைத்தவர் கையிலிருந்தோ மூக்கிலிருந்தோ வந்த ஸ்டெஃபைலோகாக்கஸ் என்றுதான் சந்தேகம், அதன் நஞ்சு கொதியையும் தாங்கும். வாந்தி பெரும்பாலும் ஒரே நாளில் நின்றுவிடும். மீதியைக் கொட்டிவிடுங்கள், மறுபடி சுடவைக்க வேண்டாம்.

இதே குடும்பத்து நஞ்சு ரத்தத்தில் கலந்தால் கதை வேறு. சாதாரணமாக ஒரு கிருமி வந்தால் நம் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி அணுக்களில் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவானவைதான், அதை அடையாளம் தெரிந்தவை மட்டும், எழுந்திருக்கும். இந்த நஞ்சு அடையாளமெல்லாம் பார்க்க விடாமல் இரண்டு அணுக்களைப் பக்கவாட்டில் பிடித்துச் சேர்த்துக் கட்டிவிடுகிறது, ஐந்தில் ஒரு பங்கு டி அணுக்கள் வரை ஒரே நேரத்தில் கூச்சல் போட ஆரம்பித்துவிடும். சூப்பர் ஆன்டிஜென் என்று பெயர். காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவு, சிறுநீரகம் படுப்பது எல்லாம் அந்தக் கூச்சலின் விளைவு. 1980இல் அமெரிக்காவில் அதிகம் உறிஞ்சும் டாம்பன்களை (மாதவிடாயின்போது உடலுக்குள் வைக்கும் பஞ்சு) பயன்படுத்திய பெண்களுக்கு இப்படித்தான் வந்தது. பிழைத்தவர்களில் பலருக்கு அந்த நஞ்சுக்கு எதிர்ப்பொருளே உருவாகவில்லை, சிலருக்குத் திரும்பவும் வந்தது. மன்னார்குடி சித்தப்பாவுக்கு நஞ்சு போதவில்லை என்றால், இவர்களுக்கு இத்தனை கூச்சலுக்கு நடுவில் பாடம் காதில் விழவில்லை.

கேள்வி: அக்காவின் கைக்குழந்தைக்குக் கக்குவான் இருமல். வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக இருப்பதாக ரிப்போர்ட். எதிர்ப்புச் சக்தி நன்றாக வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கூடாது. ரத்தத்திலிருந்து இறங்கி நிணநீர்க் கணுக்களுக்குள் போகவேண்டிய அணுக்களை, அந்தக் கிருமியின் நஞ்சு இறங்கவிடாமல் வெளியே நிறுத்திவிடுகிறது. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிகிறது என்றால் பஸ் நிறைய ஓடுகிறது என்றா அர்த்தம்? எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டினால் நுரையீரல் ரத்தக்குழாய்களையே அடைத்து உயிருக்கு ஆபத்தாகலாம், ஆகவே டாக்டர் அட்மிட் பண்ணச் சொன்னால் தயங்க வேண்டாம். குழந்தைக்கு முதல் தடுப்பூசியே ஆறாவது வாரத்தில்தான். வீட்டில் வேறு யாராவது கர்ப்பமாக இருந்தால், 27 முதல் 36 வாரத்துக்குள் போடும் கக்குவான் சேர்ந்த ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகப் போடும் ஊசியில் கக்குவான் பகுதி கிடையாது.