காரின் விலையிலிருந்து தொடங்காதீர்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். எங்களில் ஒருவருக்குத் தோட்டத்து முச்சந்தியில் சொந்தப் பட்டறை இருக்கிறது. கூட்டு (மாதந்தோறும் பணம் கட்டி முறைவைத்து எடுக்கும் சீட்டு) கட்டி 40,000 வெள்ளி திரட்டி, பழைய புரோட்டோன் சாகா கார் ஒன்றை வாங்கி, செப்பாங் ஓடுபாதையில் நடக்கும் பொழுதுபோக்குப் பந்தயங்களில் இறங்க விரும்புகிறோம். பணத்தை எப்படிப் பிரிப்பது?
– ஐவர், சுங்கை சிப்புட்

பதில்: முதலில் கூட்டை விட்டுவிடுங்கள். நம்முடைய அந்தத் தமிழ்ச் சொல்லே மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பெயரில் இடம்பெற்றிருக்கிறது, அதைத் தடை செய்வதற்காக. ஆளுக்கு 8,000 வெள்ளியைச் சொந்தச் சேமிப்பிலிருந்து போடுங்கள். ஒருவர் விலகினாலோ, ஒருவர் ஓட்டும்போது கார் நொறுங்கினாலோ யார் எவ்வளவு ஏற்பது என்பதையும் இப்போதே எழுதி ஐவரும் கையெழுத்திடுங்கள். சாதாரண வாகனக் காப்புறுதி பந்தயத்தில் நேரும் சேதத்தை ஏற்காது. ஆகவே அந்தத் தாள்தான் உங்களுக்குக் காப்பு.

அடுத்து, ஒரு பந்தய நாளுக்கு ஆகும் செலவை எழுதுங்கள். நுழைவுக் கட்டணம், காரை ஏற்றிச்செல்லும் லாரி, நெடுஞ்சாலைக் கட்டணம், ஐவருக்கும் தங்குமிடம், சாப்பாடு, டயர், பிரேக் கட்டை, எண்ணெய் எல்லாம் அதில் வரவேண்டும். உங்கள் ஊரிலிருந்து செப்பாங் போய்த் திரும்புவதே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். பட்டறை நண்பர் கூலி கேட்கமாட்டார், சரி. ஆனால் அவர் கதவடைக்கும் இரண்டு மூன்று நாட்களின் வருமானமும் செலவுதான். இந்தத் தொகையை ஆண்டுக்கு எத்தனை பந்தயங்களோ அத்தனையால் பெருக்கி ஒதுக்கிய பிறகே காரைத் தேடுங்கள். என் கருத்தில், காருக்கு மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. இன்ஜின் வெடிக்கும் நாளுக்கென்று கால் பங்கு கைபடாமல் இருக்கவேண்டும். கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் பாதுகாப்புக் கூண்டு பொருத்தி ஏற்கெனவே பந்தயம் ஓடிய காரையே வாங்குங்கள். வெறும் காரை வாங்கி நீங்களே கட்டினால் பெரும்பாலும் அதைவிட அதிகமாகும்.

ஐவரும் ஓட்ட ஆசைப்படுவீர்கள் என்பது தெரிகிறது. ஆளுக்கொரு உரிமம், தீத்தடுப்பு உடை, தலைக்கவசம், கழுத்துக் காப்பு என்று கணக்கு ஐந்து மடங்காகும். முதல் ஆண்டு இருவர் ஓட்டட்டும். மற்ற மூவருக்கும் பந்தயத்தின்போது காரைக் கவனிக்கும் இடமான பிட்டில் வேலைக்குக் குறைவிருக்காது. பழைய இருக்கைவார் மலிவாகக் கிடைத்தால் வாங்குமுன் அதில் தைத்திருக்கும் எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) சீட்டைப் புரட்டிப் பாருங்கள். காலாவதி ஆண்டு அதில் அச்சாகியிருக்கும். அது கடந்திருந்தால், வார் புத்தம்புதிதாகத் தெரிந்தாலும் பரிசோதகர் திருப்பி அனுப்பக்கூடும்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் பிரேக். செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். இரண்டு நீண்ட நேர்பாதைகளின் முடிவிலும் முழு வேகத்திலிருந்து கடுமையாக அழுத்தவேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய எண்ணெய் சீக்கிரம் கொதித்து, மிதி தரையைத் தொட்டாலும் கார் நிற்காது. மழைக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் புதிய எண்ணெய் ஊற்றுங்கள். மெருகுப் பூச்சுக்கும் பெரிய சக்கரத்துக்கும் வைத்திருந்த பணம் இதற்குப் போகட்டும்.

இவ்வளவும் கழித்து ஆண்டுக்கு ஒரே பந்தயத்துக்குத்தான் பணம் மிஞ்சுகிறது என்றால், ஒன்றே ஓடுங்கள். இரண்டாவதற்குக் கடன் வாங்காதீர்கள்.